சாவி யார் கையில்?

மூன்று விஷயங்களைப் பற்றிப் பேச இந்த நாட்டில் யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. கிரிக்கெட், சினிமா, தேசப் பாதுகாப்பு. முதல் இரண்டுக்காவது எப்போதாவது டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரு டிபன் பாக்ஸ் போதும்.

எங்கள் ஆபீஸில் மதியம் ஒரு மணிக்குத் தயிர்சாதம் திறக்கப்பட்டவுடன் ராணுவக் கமிட்டி கூடிவிடும். எல்லையில் எத்தனை டாங்கி நிறுத்துவது என்பதை அக்கவுன்ட்ஸ் செக்ஷன் தீர்மானிக்கும். ராக்கெட் இலாகா முழுக்க டெஸ்பாட்ச் கிளார்க்கின் பொறுப்பு. “விடக் கூடாது சார், ஒரே போடு!” என்பார், அப்பளத்தை ஒடித்தபடி. ஊறுகாய் தீர்ந்ததும் கூட்டம் கலையும்.

நானும் அந்தக் கமிட்டியில் ஒரு மெம்பர். ஆகவே எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு நாடு பத்திரமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஏவுகணைகளை எண்ண வேண்டியதில்லை என்பது என் கட்சி. எந்தப் பூட்டுக்குச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். மாமியார் இருக்கும் எந்த வீட்டிலும் இந்தத் தத்துவம் புரியும்.

பக்கத்து வீட்டுச் சாவி

எண்பதுகளில் பருவமழையைக் கணிக்க நமக்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அமெரிக்காவிடம் கேட்டோம். அணுகுண்டுக் கணக்கும் போட்டுவிடுவோமோ என்று அவர்களுக்குப் பயம். ரொம்ப யோசித்து, நாம் கேட்டதைவிடச் சக்தி குறைந்த ‘க்ரே’ யந்திரம் ஒன்றை, ஏகப்பட்ட கண்டிஷன்களுடன் கொடுத்தார்கள். பரீட்சை ஹாலில் பின்னால் வந்து நிற்கும் சூப்பர்வைசர் மாதிரி!

நம்மவர்களுக்கு ரோஷம் வந்தது. 1988ல் புனேயில் ‘சி-டாக்’ நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் ஒரு குழு, சிறு சிறு ப்ராஸஸர்களை வரிசையாகக் கோத்து ஒன்றாக உழைக்கவைத்து 1991ல் ‘பரம் 8000’ என்ற யந்திரத்தைக் காட்டியது. கல்யாணத்துக்குப் பெரிய அண்டா கிடைக்காவிட்டால் என்ன, தெரு முழுக்க வீட்டுக்கு வீடு குக்கர் வைத்துச் சமைத்துவிட்டார்கள்.

அதே 1991ல் கிரையோஜெனிக் எஞ்சின் கதை ஆரம்பமானது. கனமான சாட்டிலைட்டை உயரே அனுப்ப ராக்கெட்டின் மேலடுக்கில் திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரிக்க வேண்டும். ஹைட்ரஜன் திரவமாக இருக்க மைனஸ் 253 டிகிரி. ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறவர்கள் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளவும். சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் எஞ்சினும் அதைச் செய்யும் வித்தையும் சேர்த்து வாங்க ஒப்பந்தம் ஆனது. சோவியத் யூனியன் அந்த வருஷமே கலைந்துபோனது. 1992ல் அமெரிக்கா, “இது ஏவுகணைக்கு உதவும்” என்று சொல்லி இரண்டு பக்கமும் தடை போட்டது. 1993ல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் தருகிறோம், வித்தை தரமாட்டோம் என்றார்கள். அதாவது சைக்கிள் உண்டு, பஞ்சர் ஒட்டக் கற்றுத்தர முடியாது.

நாமே கற்றுக்கொண்டோம். 2010 ஏப்ரலில் நம் சொந்தக் கிரையோஜெனிக் எஞ்சினோடு போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5ம் தேதி ஜி.எஸ்.எல்.வி.-டி5 ஜெயித்தது. ஒப்பந்தத்திலிருந்து 23 வருஷம்! அன்று பிறந்த குழந்தை டிகிரி முடித்து வேலை தேட ஆரம்பித்திருக்கும்.

ஜி.பி.எஸ். கதையும் இதே ஜாதி. சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே சுமார் நூறு மீட்டர் வரை பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதம்தான் அதிபர் கிளின்டன் அதை நிறுத்தச் சொன்னார். கார்கில் யுத்தம் நடந்தது 1999ல். மலை உச்சியில் நூறு மீட்டர் என்பது பங்கருக்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசம்.

அதற்குப் பதிலாக நாம் செய்ததுதான் ‘நாவிக்’. 2013லிருந்து 2016க்குள் ஏழு சாட்டிலைட்டுகளை வரிசையாக அனுப்பினோம். கைதட்டி முடிப்பதற்குள், முதல் சாட்டிலைட்டிலிருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் நின்றுபோயின. எங்கே வாங்கியவை தெரியுமா? ஐரோப்பாவில். வீடு நம்முடையது, கடிகாரம் கடன். சொந்தக் கடிகாரத்தோடு 2023 மே மாதம் அடுத்த தலைமுறை சாட்டிலைட் போனது. அதற்கடுத்தது 2025 ஜனவரியில் போய், சேர வேண்டிய பாதைக்குச் சேராமல் நின்றுவிட்டது. சொந்தச் சாவி அடிப்பது அவ்வளவு சுலபமில்லை ஸார். டி.வி.யில் மீசை முறுக்குகிறவர்கள் இதையும் ஒரு வரி சொன்னால் தேவலை.

சாவி அடுத்தவனிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 செப்டம்பர் 17 ஒரு பாடம். செல்போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று பயந்து, லெபனானின் ஹிஸ்புல்லா ஆட்கள் பழைய பேஜருக்கு மாறியிருந்தார்கள். அன்று ஆயிரக்கணக்கான பேஜர்கள் ஒரே சமயத்தில் இடுப்பிலேயே வெடித்தன. பொருள் கைக்கு வரும் முன்பே வெடிமருந்து உள்ளே ஏறிவிட்டது. இஸ்ரேல் பிரதமரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. நம் ஊரில் எத்தனை ரவுட்டர், எத்தனை கேமரா எங்கெங்கிருந்தோ வந்து சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்குத் தயிர்சாதம் இறங்கமாட்டேன் என்கிறது.

பரணில் போட்ட சாவி

அயல்நாட்டானை மட்டும் திட்டினால் நியாயமில்லை. கைக்கு வந்த சாவியைப் பரணில் போட்டு மறந்ததும் நாம்தான்.

1986ல் ஸ்வீடனின் போஃபர்ஸிடம் 410 பீரங்கிகள் வாங்கினோம். அடுத்த வருஷமே ஸ்வீடன் ரேடியோ, கமிஷன் கைமாறியதாகச் சொல்லிக் குண்டு போட்டது. பீரங்கி எல்லையில் வெடிக்கும் முன்பு தில்லியில் வெடித்தது. 1989 தேர்தலில் ஆட்சியே போனது. கேஸ் வருஷக்கணக்கில் நடந்து ஒன்றும் நிரூபணமாகாமல் அணைந்தது. நடுவில் 1999 கார்கிலில் அதே பீரங்கிதான் மலை உச்சிகளை மீட்க உதவியது.

இதில் நான் சொல்ல வருவது வேறு. பீரங்கியோடு அதை இங்கேயே தயாரிப்பதற்கான வரைபடங்களும் ஆவணங்களும் வந்திருந்தன. ஊழல் பேச்சு கிளம்பியதும் அந்தக் காகிதங்களைத் தொடவே எல்லோருக்கும் நடுக்கம். தொட்டால், “உனக்கு எவ்வளவு?” என்று கேட்பார்களே! பிறகு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? கிட்டத்தட்ட முப்பது வருஷம் ராணுவத்துக்குப் புதிதாக ஒரு 155 மில்லிமீட்டர் பீரங்கிகூட வரவில்லை. கடைசியில் அதே பழைய ஆவணங்களைத் தூசி தட்டி ‘தனுஷ்’ பீரங்கியைச் செய்து 2019ல் ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். வயிற்றெரிச்சலுக்கு ஒரு கொசுறு: அந்தத் தனுஷுக்கு ஜெர்மனி லேபிளில் சீனத்து பேரிங் சப்ளை ஆனதாக 2017ல் சி.பி.ஐ. கேஸ் போட்டது.

லஞ்சம் வாங்கியவனைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? திருடனையும் பிடிக்காமல், பீரங்கியும் செய்யாமல் முப்பது வருஷம் பொதுக்கூட்டம் மட்டும் போட்டோமே, அதுதான் என் ஆற்றாமை. இதில் எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு. எந்தக் கட்சியும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

‘ரகசியம்’ என்றொரு பூட்டு

“தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, கேள்வி கேட்காதீர்கள்” என்று ஒருவர் சொன்னால் எங்கள் கமிட்டியில் உடனே மௌனம் நிலவும். எனக்கு மட்டும் அப்போது ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வருவார். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன்.

பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் எரியும் ‘விகாஸ்’ எஞ்சினை உருவாக்கிய குழுவை நடத்தியவர். சந்திரயானையும் மங்கள்யானையும் மேலே தூக்கியதில் அந்த எஞ்சினுக்குப் பங்கு உண்டு. 1994 நவம்பரில் கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. ராக்கெட் ரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் மூலம் விற்றார் என்று புகார். எந்த ரகசியம்? கிரையோஜெனிக் எஞ்சின் ரகசியமாம். நம்மிடம் அப்போது இல்லவே இல்லாத எஞ்சின்! இல்லாத பசுவின் பாலைத் திருடியதாக ஒருவரை ஐம்பது நாள் ஜெயிலில் வைத்தார்கள். பத்திரிகைகள் (ஹூம், நம்ம ஜாதிதான்) தொடர்கதையே போட்டன. அந்த வீட்டுப் பெண்மணி கடைக்குப் போயிருப்பாரா, பிள்ளைகள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருப்பார்களா, யார் யோசித்தார்கள்?

1996ல் சி.பி.ஐ., கேஸில் சத்து இல்லை என்றது. 1998ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2018ல் அதே கோர்ட், கைதே தேவையற்றது என்று கூறி 50 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு தரச் சொன்னது. கைதான அன்று அவருக்கு வயது 52. தீர்ப்பு வந்தபோது 76. அதில் சம்பந்தப்பட்ட இரண்டு மாலத்தீவுப் பெண்கள் மூன்று வருஷத்துக்கு மேல் நம் ஜெயிலில் இருந்துவிட்டுப் போனார்கள்.

அமெரிக்கா தடை போட்டு எஞ்சினைத் தாமதப்படுத்தியது. நாம் அந்த எஞ்சின் வேலையை முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரையே பிடித்து உள்ளே போட்டோம். இதில் யாரால் நாட்டுக்கு அதிக நஷ்டம்? ஸ்கேல் வைத்து அளக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் 1923ல் வெள்ளைக்காரன் தன் சௌகரியத்துக்கு எழுதிய அரசு ரகசியச் சட்டத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். ‘ரகசியம்’ என்ற முத்திரை ஒரு காகிதத்தில் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது பொக்கிஷமா, வெறும் அழுக்குத் துணியா என்று யாரும் பார்க்க முடியாது.

என் சட்டைப் பையில் ஒரு சாவி

இனி உங்களுக்கும் எனக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட சமாசாரம்.

2021 ஜூலையில் ‘பெகாஸஸ்’ விவகாரம் வெடித்தது. இஸ்ரேல் கம்பெனி ஒன்றின் ஒற்று மென்பொருள். அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்பதாகக் கம்பெனியே சொல்கிறது. போனுக்குள் புகுந்துவிட்டால் மைக், கேமரா, மெஸேஜ் எல்லாம் அதன் ராஜ்யம். பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் எனப் பல இந்தியர்களின் எண்கள் பட்டியலில் இருப்பதாகச் செய்தி. “வாங்கினீர்களா, இல்லையா?” என்று சுப்ரீம் கோர்ட் கேட்டது. சர்க்கார், தேசப் பாதுகாப்பு என்று சொல்லி, ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தேசப் பாதுகாப்பு என்ற வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில் கோர்ட் கையைக் கட்டிக்கொண்டிருக்காது என்று அக்டோபரில் உத்தரவாகி, ஒரு நிபுணர் குழு போடப்பட்டது. 29 போன்களைப் பார்த்ததில் ஐந்தில் ஏதோ ஒரு விஷ மென்பொருள் இருந்தது, அது பெகாஸஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது குழு. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது.

“நான் என்ன தீவிரவாதியா? என் போனைப் பார்த்து என்ன செய்யப் போகிறான்? மளிகை லிஸ்ட்டும், ‘வரும்போது கருவேப்பிலை’யும்தான் இருக்கும்” என்றார் எங்கள் சூப்பரின்டெண்ட்.

நியாயம்தான். “அப்படியானால் போனைக் கொஞ்சம் கொடுங்க சார், எல்லாரும் ஒரு ரவுண்டு பார்த்துட்டுத் தரோம்” என்றேன். சட்டென்று பாக்கெட்டைப் பொத்திக்கொண்டார். அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்னதும் அவர் பாக்கெட்டைப் பொத்தியதும் ஒரே விஷயம்தான்.

ஒற்று வேலையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குண்டு வைக்கிறவன் போனில் பேசினால் கேட்கத்தான் வேண்டும். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும், இம்மாதிரி மென்பொருளை ஒரு நாடு வைத்திருப்பதில் தவறில்லை, யார் மீது ஏவப்படுகிறது என்பதுதான் கேள்வி என்ற அர்த்தத்தில் பேசியது. என் வாதமும் அதுதான். போலீஸ் உங்கள் வீட்டைச் சோதனை போடப் பொதுவாக ஒரு மாஜிஸ்திரேட்டிடம் வாரன்ட் வாங்குகிறது. உங்கள் போனை ஒட்டுக் கேட்க உள்துறைச் செயலாளர் உத்தரவு போதும். நீதிபதி யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அந்த உத்தரவைச் சரிபார்ப்பதும் அதிகாரிகள் கமிட்டிதான். கேள்வித்தாளைத் தயாரித்தவரே பதிலும் எழுதி அவரே மார்க்கும் போட்டுக்கொள்வது மாதிரி. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு வழி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஆட்சி மாறும். இன்று இந்தச் சாவியைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், நாளை அது தமக்குப் பிடிக்காத கட்சியின் இடுப்பில் தொங்கும்போது என்ன செய்வார்கள்?

பெரிய பூட்டும் சின்ன ஓட்டையும்

2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கம்ப்யூட்டர் வைரஸ் புகுந்ததாகப் பேச்சு கிளம்பியது. முதலில் மறுப்பு வந்தது. அடுத்த நாளே அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது உண்மை, உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருப்பதால் ஆபத்தில்லை என்றது. அந்த இரண்டாவது அறிக்கையை நான் பாராட்டுகிறேன். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் பாராட்டியிருப்பேன். ‘ஒன்றுமில்லை’ என்று ஒரு தடவை சொன்னவர், பிறகு நிஜமாகவே ஒன்றுமில்லாதபோதும் ஊர் நம்பாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வோட்டு யந்திரம். 1982ல் கேரளத்தின் பரூர் தொகுதியில் ஐம்பது பூத்தில் முதலில் வைத்தார்கள். 123 வோட்டில் முடிவு. தோற்றவர் வழக்குப் போட, சட்டத்தில் இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட் யந்திரத்தைத் தள்ளுபடி செய்தது. அப்புறம் சட்டம் திருத்தி, சந்தேகம், கேள்வி, கோர்ட், அதன்பின் 2013ல் காகிதச் சீட்டு எனப் படிப்படியாக வந்தது. இன்றும் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்! தோற்ற கட்சி சந்தேகப்படும், ஜெயித்தவுடன் மறந்துவிடும். அது நம் ஜனநாயகத்தின் சீதனம். கேட்டவனைத் தேசத் துரோகி என்று சொல்லாமல், “இந்தா, சீட்டைப் பார்” என்று காட்டியதே ஒரு பெரிய விஷயம்.

நம் பங்குக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சீனாவிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசுகிற நண்பர் ஒருவரின் பாஸ்வேர்டு, அவர் மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. கீழே அடிக்கோடு வேறு. முகம் தெரியாதவன் போனில் ‘பேங்க்லேர்ந்து பேசறோம்’ என்றதும் ஓ.டி.பி.யைச் சொல்கிறவர்களிடம் ஏவுகணை பற்றி ஆலோசனை கேட்டு என்ன லாபம்?

அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வேட்பாளர் வருவார். கும்பிடுவார், குழந்தையைத் தூக்குவார், தேசத்தைக் காப்பாற்றப் போவதாகச் சொல்வார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து இரண்டே கேள்வி கேளுங்கள். ‘ஒருவர் போனை ஒட்டுக் கேட்க நீதிபதி உத்தரவு வேண்டும் என்று சட்டம் கொண்டுவர வோட்டுப் போடுவீர்களா? நம் கம்பெனிகளும் லேப்களும் ஒரு பொருளை நாலு தடவை செய்து தோற்றாலும், ஐந்தாவது தடவை செய்யப் பணம் ஒதுக்கச் சொல்வீர்களா?’

பதில் சொன்னால், எந்தக் கட்சியாக இருந்தாலும் என் வோட்டு அவருக்குத்தான். “அதெல்லாம் மேலிடம் பார்த்துக்கும் தம்பி” என்று சொல்லிவிட்டு எழுந்தால், தண்ணீர் டம்ளரை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.